ஒரு வருஷக் கயிறு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: அண்ணன், அம்மா, நான், அண்ணியின் தம்பி, மீன் வண்டி ஓட்டுகிறவர், பெயரைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாத பத்துப் பன்னிரண்டு ஆண்கள், சுவரோரமாக இரண்டு பெண்கள். இல்லாதவர்கள்: அண்ணி, அண்ணனின் மகள், அப்பா. அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் சாயங்காலத்தில் அவர் பஸ் ஏறுகிற நிலையில் இருக்க மாட்டார். அண்ணியைக் கூப்பிட்டோம். "எந்தம்பி வந்து பாக்கட்டும். அவன் வந்து சொன்னா நம்புறேன்" என்று போனில் சொல்லிவிட்டார்.

மேசைமேல் கேக் இருந்தது. வெள்ளை ஐசிங், மேலே சிவப்பில் 'முதல் பிறந்த நாள்'. பேக்கரிக்காரர் ஏதோ குழந்தைக்கு என்று நினைத்து, ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் யானையையும் நட்டு அனுப்பியிருந்தார். எங்கள் அண்ணனுக்கு வயது முப்பத்து மூன்று. குடியை விட்ட நாளில் ஒருவன் புதிதாகப் பிறக்கிறான் என்பது அங்கே கணக்கு. வருஷம் திரும்பினால் அவனுக்குப் பிறந்த நாள். அண்ணன் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டு, உப்பு வாருகிற பலகையைப் பிடிக்கிற மாதிரி கத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள், சத்தம் வராமல்.

பிறகு அவன் கையில் ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கான வில்லை. அண்ணியின் தம்பி அதை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா மாமா, தங்கமா இது?"

"பித்தளை மச்சான்."

"ஒரு வருஷத்துக்குப் பித்தளைதானா? அப்ப தங்கம் வாங்குறதுக்குள்ள ஆளே போய்ச் சேந்துடுவான் போலிருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். மீன் வண்டிக்காரர்தான் அதிகமாகச் சிரித்தார். அண்ணியின் தம்பி வாசலுக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டான். எனக்குக் கேட்டது. "முடிச்சிட்டாருக்கா. கண்ணால பாத்தேன். முடிச்சிட்டாரு."

அந்த 'முடிச்சிட்டாரு' அன்றைக்கு என் காதில் கேக்கைவிட இனிப்பாக விழுந்தது.

இதில் யாருடைய பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அந்த அறையின் வழக்கம் அது. இங்கே பார்த்ததும் கேட்டதும் இங்கேயே இருக்கட்டும் என்று முடிவில் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். மற்றவர்கள் சொன்னதை நான் வெளியே கொண்டுவரவில்லை. எங்கள் வீட்டு நாற்றத்தை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது மரக்காணத்து உப்பளக் கூலிக் குடும்பம். தை மாசம் பாத்தி மிதிக்க இறங்கினால் மழை வரும்வரை வேலை. காலையில் இருட்டோடு போய், வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி வரப்பில் குவிக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் நின்றால் குதிகால் வெடிக்கும், வெடித்த இடத்தில் உப்பு இறங்கும். வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசும். வேலை முடிந்து வருகிற ஆண்பிள்ளை நேரே வீட்டுக்கு வந்தால், என்ன உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். அப்பா நேரே வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. அண்ணன் எட்டாவதோடு நின்று பாத்தியில் இறங்கினான். அவன் கூலியில் நான் திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போய் பி.காம் முடித்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிச் சொல்லியே அண்ணன் கூட்டாளிகளுக்கு வாங்கிக் கொடுப்பான். "எந்தம்பி பாஸாயிட்டான்" என்று குடிப்பான், நான் ஒரு பேப்பரில் பெயிலானபோது அந்தத் துக்கத்துக்கும் குடிப்பான்.

அண்ணி பிரம்மதேசத்துப் பெண். அவர்கள் வீட்டில் கொஞ்சம் நிலம் உண்டு, மணிலாக் கடலை போடுவார்கள். அண்ணன் மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் மடியில் உட்கார்த்தி, தாய்மாமன் சீராகக் கம்மல் போட்டார்கள். குழந்தையின் காது ஆறுவதற்குள் அண்ணன் அந்தக் கம்மலைக் கழற்றிக்கொண்டு போய் விற்றுவிட்டான். காதில் துடைப்பக் குச்சியைச் செருகி வைத்திருந்தது குழந்தை. அதற்கு முன்பே அண்ணியின் சங்கிலி போயிருந்தது, அதை அவர் வெளியே சொல்லவில்லை. கம்மல் போனதும் மகளைத் தூக்கிக்கொண்டு பிரம்மதேசத்துக்குப் போய்விட்டார்.

அப்பவும் எங்கள் தெருவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கயிறு கட்டி விடுங்கப்பா, சரியாயிடுவான்" என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் கயிறு கட்டுவது என்றால் எல்லோருக்கும் தெரியும். ஐயனார் கோயிலுக்குப் போய், இத்தனை மாசத்துக்குக் குடிக்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டுவார். கெடு முடியும்வரை தொட மாட்டார்கள். செத்தாலும் தொட மாட்டார்கள், சாமி விஷயம். கெடு முடிந்தால் போய் அவிழ்த்துக்கொண்டு வரலாம். அவிழ்த்த அன்றைக்கு ஆட்டுக்கறியும் பாட்டிலும். அண்ணன் இரண்டு முறை கட்டியிருக்கிறான். ஒருமுறை மூணு மாசம், ஒருமுறை ஆறு மாசம். இரண்டு முறையும் ஒரு சொட்டு தொடவில்லை. இரண்டு முறையும் அவிழ்த்த அன்று அவனைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவன் நான். அவன் தவறிவிட்டான் என்று தெருவில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. சொன்ன கெடுவைக் காப்பாத்தினான் என்றுதான் பேச்சு.

அதனால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூட்டிய பஞ்சாயத்தில் அண்ணி எழுந்து, "கயிறெல்லாம் எனக்கு வாணாம்" என்றபோது நான் மனசுக்குள் கை தட்டினேன். "கோயிலுக்குப் பயந்து இருக்க வாணாம். தானா ஒரு வருஷம் குடிக்காம இருக்கட்டும். அப்ப நான் வர்றேன். இல்லன்னா அத்து விட்டுருங்க." நியாயமான பேச்சு என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள். அதுவும் ஒரு கயிறுதான் என்று அங்கே யாருக்கும் படவில்லை. படித்தவன் எனக்கும் படவில்லை.

நான் வேலை பார்ப்பது குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில். ரிசப்ஷன் என்று பெயர். பில் போடுவது, ஸ்கூட்டர் வாடகைக்கு விடுவது, கீசர் ரிப்பேருக்கு ஆள் பிடிப்பது எல்லாம் அதில் அடக்கம். குளிர்காலத்துக்கு வருஷா வருஷம் வருகிற வெள்ளைக்காரர் ஒருவர் கவுண்டரில் கையூன்றி, பக்கத்தில் மீட்டிங் எங்கே நடக்கிறது என்று விசாரிக்கச் சொன்னார். கட்சி மீட்டிங்கா என்று நினைத்தேன். தான் ஒரு குடிகாரன், குடியை விட்டவர்கள் கூடுகிற மீட்டிங் என்றார். ரத்த குரூப் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே விட்டுவிட்டாராம். அப்புறமும் எதுக்கு மீட்டிங் என்று கேட்டேன். போவதால்தான் விட்டது விட்டபடி இருக்கிறது என்றார். எனக்குப் பாதி புரிந்தது.

போனில் தேடி ஒரு நம்பரைப் பிடித்தேன். எடுத்தவர் அந்த மீன் வண்டிக்காரர், பின்னால் மீன் ஏலம் போடுகிற சத்தம்.

"சொல்லுங்க பிரதர். உங்களுக்கா, வீட்ல யாருக்காவதா?"

எங்கள் கெஸ்டுக்கு என்றேன். இங்கிலீஷ் மீட்டிங் வேறு இடத்தில் என்று சொல்லி வழியும் சொன்னார். சொல்லிவிட்டு வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"வேற யாருக்காவது?" என்றார்.

"அண்ணனுக்கு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிவரச் சொல்லி இடம் சொன்னார்.

வீட்டில் வந்து, அண்ணனை ஒரு குழுவில் சேர்க்கப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்றேன். அம்மா முகம் தெளிந்தது. எங்கள் பக்கத்தில் குழு என்றால் மகளிர் குழு. குழு என்றால் லோன். அம்மா இரண்டு குழுவில் இருக்கிறாள்.

"ஆம்பளைங்களுக்கும் வந்துடுச்சா? எவ்ளோ குடுக்குறாங்க? வாரா வாரம் கட்டணுமா, மாசத்துக்கா?"

அது குடிப்பவர்கள் சேர்ந்து குடியை விடுகிற குழு என்று விளக்கினேன். பணம் தர மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள் என்றேன். அம்மா மோவாயில் கை வைத்தாள். "குடிகாரனுங்கள எல்லாம் ஒண்ணா ஒக்கார வெச்சா எப்பிட்றா விடுவானுங்க?" என்றாள். அப்பா திண்ணமாகச் சொல்லிவிட்டார், இது மதம் மாத்துகிற வேலை என்று.

கூட்டம் நடக்கிற இடம் கீழ்புத்துப்பட்டைத் தாண்டி, பாண்டிச்சேரி எல்லையில். எல்லை தாண்டினதும் சரக்கு விலை குறைவு, அதனால் ரோட்டோரம் வரிசையாக ஒயின் ஷாப். "ஒயின்ஸ் எல்லாம் எறங்கு" என்றுதான் கண்டக்டர் குரல் கொடுப்பார். அந்த ஸ்டாப்புக்கு வேறு பெயர் கிடையாது. பாதி பஸ் காலியாகும். முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு இறங்கிய அத்தனை பேரும் வலது பக்கம் போனார்கள். நாங்கள் இரண்டு பேர் இடது பக்கம் சர்ச் சந்தில் திரும்பினோம்.

"இந்த ஸ்டாப்புல எறங்கி லெப்ட்ல திரும்புறது இதான்டா மொதல் தடவ" என்றான் அண்ணன். லுங்கி வேண்டாம் என்று என் பேன்ட்டைப் போட்டிருந்தான், இடுப்பில் நிற்கவில்லை.

அது சர்ச்சுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துகிற அறை. பெஞ்செல்லாம் சின்னது. பெரிய பெரிய ஆட்கள் முட்டி மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து, என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி என்றார்கள். அண்ணன் முறை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு, தன் பேர், அப்பா பேர், தெரு, எந்த முதலாளி உப்பளத்தில் வேலை எல்லாவற்றையும் ஒப்பித்தான். போலீஸ் ஸ்டேஷன் பழக்கம். எதிரே இருந்த மீன் வண்டிக்காரர், "பேரு மட்டும் போதும்பா. இங்க யாரும் கேஸ் போட மாட்டாங்க" என்றார்.

அண்ணன் உட்காரவில்லை. "எத்தினி மாசத்துக்கு சார்?" என்று கேட்டான்.

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கெடு கேட்கிறான்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்றார் மீன் வண்டிக்காரர். "நாளைக்கு எதுவும் சொல்லாத. எனக்கும் இன்னிக்கு ஒரு நாள்தான்."

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தான். எங்கள் ஊர் வரும்போது, "ஒரு நாள் கயிறுடா அது. தெனமும் காத்தால கட்டணும்" என்றான். எழுதப் படிக்கத் திணறுகிறவன், இவ்வளவு சரியாகப் பிடித்துவிட்டானே என்று எனக்கு ஆச்சரியம். பிடித்ததை எல்லோருமாகச் சேர்ந்து பிடுங்கிக்கொள்வோம் என்று தெரியாது.

குடியை விட்டால் வீடு சந்தோஷமாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆகாது. அண்ணன் ஜிலேபி தின்றான், டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடித்தான், குழம்பில் உப்பு இல்லை என்று தட்டை விசிறினான். உப்பளத்துக்காரன் வீட்டில் உப்பு இல்லாத குழம்பு என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். ராத்திரி தூக்கம் இல்லாமல் முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்தான். "குடிச்சா ஒரு மூலைல கெடப்பான். இப்ப வூடு பூரா இவனே இருக்கிறான்" என்று அம்மா முணுமுணுத்தாள். பாத்தியில் கூட்டாளிகள் அவன் வரும்போது எழுந்து நின்று சிலுவை போட்டுக் காட்டினார்கள். "ஏம்பா, வேதத்துல சேந்துட்டியாமே? ஞாயித்துக்கெழமை தவறாம பூசையாமே?" அப்பா ஒரு வார்த்தைதான் சொன்னார், அதுவும் குடித்துவிட்டு. "எம்புள்ளைக்கு எங்கூட ஒக்கார வெக்கமாயிடுச்சி."

மழை மாசங்களில்தான் பயந்தேன். பாத்தி முழுக்கத் தண்ணீர், வேலை கிடையாது, ஆண்கள் எல்லாம் சும்மா இருக்கிற காலம். அப்போது மீன் வண்டிக்காரர் தினமும் சாயங்காலம் போன் செய்வார். குடித்தாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. வஞ்சிரம் என்ன விலை, இன்றைக்கு வண்டியில் ஐஸ் எப்படி ஒழுகியது என்று அளப்பார். அண்ணன் உம் கொட்டுவான். அந்த நேரம் கடந்துவிடும்.

முதல் வாரத்துக்குப் பிறகு நான் வெளியே குடும்பத்துக்காரர்கள் உட்காருகிற இடத்தில் இருப்பேன். இரண்டு பெண்கள், நான். அவர்களில் ஒரு அக்கா சொன்னார்: "எங்க வூட்டுக்காரரு விட்டு நாலு வருஷம் ஆச்சு தம்பி. நான் அவர மன்னிச்சிட்டேன். அவரு குடிச்ச காலத்துல நான் பேசுனத அவரு இன்னும் மன்னிக்கல." சிரிப்பதா என்று தெரியாமல் நான் முழிக்க, அவரே சிரித்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஸ்டாப்பிலிருந்து அண்ணிக்குப் போன் போடுவேன். இந்த வாரமும் வந்துட்டான் அண்ணி என்பேன். சரி என்பார். பிறகு, "இன்னும் எவ்ளோ இருக்குது?" என்பார். இன்னும் ஏழு மாசம். இன்னும் அஞ்சு. நான் சந்தோஷமாகத்தான் சொல்வேன். அம்மாவும் எண்ணினாள். பாத்தியில் கிண்டல் செய்தவர்கள்கூட, எப்பப்பா முடியுது என்று மரியாதையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் நான் போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த மீன் வண்டிக்காரர், "இன்னா தம்பி, கயிறு அவுக்க நாள் பாக்குறீங்களா?" என்றார். ஜோக் என்று நினைத்தேன். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இப்படித்தான் கேக் வெட்டினோம்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அண்ணியைக் கூட்டிவர பிரம்மதேசம் போனோம். ஒரு ஆட்டோ பேசியிருந்தேன். அம்மா பூவும் பழமும் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள், வாசலில் ஆலம் கரைத்துச் சுற்ற ஆள் வேண்டுமே என்று. அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் வாங்கிக் குடித்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, ஆனால் அண்ணி சொம்பைத் திரும்ப வாங்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். மகள் கதவுக்குப் பின்னால் இருந்து, "நீ கேக்கு வெட்டுனியாமே, எனக்கு எங்க?" என்றது. அண்ணன் சட்டைப் பையில் கையை விட்டு அந்த பிளாஸ்டிக் யானையை எடுத்தான். கழுவித் துடைத்து வைத்திருந்திருக்கிறான். எனக்கே தெரியாது.

கோழிக் குழம்பு, வறுவல். அண்ணியின் அப்பா வராந்தாவில் சாய்ந்துவிட்டார். நானும் ஆட்டோக்காரரும் பெட்டியையும் பாத்திர மூட்டையையும் ஏற்றிக் கட்டினோம். அண்ணி உள்ளே குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். அண்ணனைக் காணோம். மாட்டுக்குத் தண்ணி காட்ட மோட்டார் கொட்டாய்ப் பக்கம் போனாங்க என்று யாரோ சொன்னார்கள்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் நான் வந்தது அவர்களுக்குக் கேட்கவில்லை. அண்ணன், அண்ணியின் தம்பி, அவன் சித்தப்பா. தொட்டித் திட்டின்மேல் பாட்டில், பிளாஸ்டிக் தம்ளர், ஒரு இலையில் மீதி வறுவல். அண்ணியின் தம்பி சொல்லிக்கொண்டிருந்தான்:

"மாமா, ஒரு வருஷம் சொன்ன, ஒரு வருஷம் இருந்து காட்டிட்ட. மனுஷன் நீ. கெடு முடிச்சவனுக்கு எங்கூட்ல ஒரு தம்ளர் ஊத்தலன்னா எனக்குத்தான் அசிங்கம். இன்னிக்கு ஒரு நாள் மட்டும்."

அதே நாலு வார்த்தை. அவனுக்கு அது அந்த அறையின் வார்த்தை என்று தெரியாது. எங்கள் பக்கத்தில் குடிக்கக் கூப்பிடுகிற எவனும் அப்படித்தான் கூப்பிடுவான்.

"அண்ணா" என்றேன்.

அண்ணன் திரும்பினான். அவன் முகத்தில் திருட்டு முழி இல்லை. தலையில் இருந்த உப்பு மூட்டையைக் கரையில் இறக்கியவன் முகம் மாதிரி இருந்தது.

"முடிஞ்சிடுச்சில்லடா" என்றான். சொன்ன மாதிரியும் இருந்தது, கேட்ட மாதிரியும் இருந்தது. நான் இல்லை என்பதற்குள் தம்ளர் காலி.

இத்தனை நாள் குடிக்காத உடம்புக்கு இரண்டு தம்ளர் போதும். வாசலுக்கு வரும்போது கால் பின்னியது. அண்ணி புதுப் புடவையில், கையில் பையோடு படியில் நின்றிருந்தார். மகள் ஒரு கையில் யானை, இன்னொரு கையில் அம்மாவின் முந்தானை. அண்ணி கத்தவில்லை. தன் தம்பியைப் பார்த்தார்.

"நீயா ஊத்துன?"

"முடிஞ்சிடுச்சேக்கா. நீ சொன்னது ஒரு வருஷம்தான?"

அண்ணி சொன்னது ஒரு வருஷம்தான். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஆட்டோவில் கட்டிய மூட்டைகளை நானே அவிழ்த்து இறக்கி வைத்தேன். ஆட்டோக்காரர் முடிச்சை நன்றாக இறுக்கியிருந்தார், பல்லால் கடிக்க வேண்டியிருந்தது.

அண்ணியின் தம்பி கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். அவன் மாமனுக்கு மரியாதை செய்தான்.

சனிக்கிழமை உடம்பு வலி, இன்றோடு சரி என்றான் அண்ணன். ஞாயிறு, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அங்கே போவது என்றான். திங்கள் காரணம் சொல்லாமலே குடித்தான். பாத்தியில் அவனைக் கட்டிப்பிடித்து வரவேற்றார்கள். அப்பா அவனுக்குப் பக்கத்தில் இடம் போட்டார். அந்த ஒரு வாரம் அப்பா இருந்த குஷியை நான் மறக்க மாட்டேன்.

மீன் வண்டிக்காரர் இரண்டு தடவை வீட்டுக்கே வந்தார். வண்டி நாற்றம் தெருமுனையிலேயே வந்துவிடும், அண்ணன் பின்பக்கமாக ஓடிவிடுவான். இரண்டாம் தடவை அவர் அலுத்துப்போய் வாசலில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயைக் குடித்தார். "நானும் நாலு தடவ விழுந்து எழுந்தவன்தான். வரச் சொல்லுங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். அம்மா, "ஒரு வருஷம் இருந்தவன ஏம்பா கேக்கு வெட்டி அனுப்பினீங்க?" என்று கேட்டாள். அவர் டீயை வைத்துவிட்டு, "தப்புதாம்மா" என்றார். அவர் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அன்றைக்கு யாராவது ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணியிடம் ஒரே ஒரு தடவை பேசினேன். இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று சொல்லத்தான் போன் போட்டேன்.

"எவ்ளோ நாளைக்குன்னு சொல்லட்டும் தம்பி?" என்றார். "ஆறு மாசமா, ரெண்டு வருஷமா? எது சொன்னாலும் அவரு இருப்பாரு. அவரு வாக்குத் தவற மாட்டாரு. சாவுற வரைக்கும்னு சொல்லியிருக்கணும் நானு. அத எப்பிடி வாய்விட்டுச் சொல்றது, நீயே சொல்லு."

எனக்குத் தெரிந்த ஒரே பதில் அந்த அறையில் கேட்டது, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். ஆனால் அந்த வார்த்தை இப்போது மோட்டார் கொட்டாயில் கிடக்கிறது.

நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன், தனியாக. ஒயின்ஸ் ஸ்டாப்பில் இறங்கி இடது பக்கம் திரும்புகிறேன். வெளியே அந்த இரண்டு அக்காக்களோடு உட்கார்ந்துவிட்டு வருகிறேன். உங்க அண்ணன் எப்பிடி இருக்கார் என்று கேட்பார்கள். இருக்கான் என்பேன்.

அடுத்த சீசன் ஆரம்பிக்கும்முன் பஞ்சாயத்து கூடியது. உறவை அத்து விடுவது என்று முடிவானது. அண்ணன் வந்திருந்தான், கை நடுங்காத அளவுக்கு மட்டும் குடித்துவிட்டு. சீர் சாமானை அவர்களே ஆட்டோ வைத்து எடுத்துக்கொள்வது. சங்கிலிக்கும் கம்மலுக்கும் பதில் பணம். கம்மலை அண்ணன் விற்ற விலை வேறு, இன்றைக்குத் தங்கம் விற்கிற விலை வேறு. இன்றைய விலைதான் என்று அண்ணியின் தம்பி கறாராக நின்றான். மகள் பெயரில் பேங்க்கில் போடக் கொஞ்சம். அண்ணன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். உப்பள முதலாளி வரப்போகிற இரண்டு சீசன் கூலியில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி அட்வான்ஸ் கொடுத்தார். நான் சம்பளத்தின்மேல் கடன் வாங்கினேன். மிச்சத்தை அம்மா தன் இரண்டு குழுவிலும் எடுத்தாள். தவணை வாரா வாரம், ஞாயிற்றுக்கிழமை. கடைசியில் குழுதான் பணம் கொடுத்தது.

பெரியவர் எண்ணி முடித்து அண்ணியின் தம்பியிடம் நீட்டினார். அவன் விரலை எச்சில் தொட்டு மறுபடி ஒருமுறை எண்ணினான். "சரியா இருக்குதா, சபையில சொல்லிடு" என்றார் பெரியவர். அவன் எழுந்து நின்று, எங்கள் அண்ணனைப் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.